எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறதா? வீட்டில் அளப்பதிலிருந்து ஆஸ்பத்திரி வரை முழு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளித் தோட்டத்தில் குத்துக்காலிட்டு வேலை செய்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவது பலருக்கும் பழகிப்போன விஷயம். "வெயில்தான், ஒரு சொம்பு தண்ணி குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சாலுக்குப் போய்விடுவார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அதே கிறுகிறுப்புக்குப் பின்னால் ரத்தசோகை இருக்கலாம், சர்க்கரையால் கெட்டுப்போன நரம்பு இருக்கலாம், வயிற்றுக்குள் சத்தமில்லாமல் கசியும் ரத்தம் இருக்கலாம், தினமும் போடும் மாத்திரையேகூட இருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது பெரிய ஸ்கேன் எதுவும் கிடையாது. படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்ற பிறகு ஒரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஓ.பி.யில் இருக்கிற கூட்டத்துக்குப் பெரும்பாலும் நாற்காலியில் உட்காரவைத்துத்தான் பார்ப்பார்கள். 130/80 என்று வந்தால் "பிரஷர் நல்லா இருக்கு" என்று சீட்டில் எழுதிவிடுவார்கள். அதே ஆள் எழுந்து நின்றால் அது 100க்கு இறங்குவது யார் கண்ணிலும் படாது. அந்த நின்ற அளவை எப்படி எடுப்பது, எப்படிக் கேட்டு வாங்குவது, வந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண் இருட்டும் அந்த நொடியில்

விழாமல் இருப்பதுதான் முதல் வேலை. அந்த இடத்திலேயே உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். வரப்பு, கிணற்று மேடு, பாத்ரூம், எங்கே இருந்தாலும் சரி. வெட்கப்பட்டுச் சுவரைப் பிடித்தபடி நடக்கப் பார்ப்பவர்கள்தான் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார்கள். படுத்தவரின் காலை ஒரு மூட்டை மேலோ நாற்காலி மேலோ தூக்கி வையுங்கள். காலில் தேங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். நிறைமாதக் கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவைக்காமல் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். நினைவு முழுதாகத் திரும்பும் வரை வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுற்றி நிற்பவர்கள் உடனே தூக்கி உட்காரவைப்பார்கள், அதைத் தடுங்கள். சில நிமிடம் படுத்திருந்துவிட்டு, உட்கார்ந்து, அப்புறம் எழுந்தால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவராக இருந்தால் குளுக்கோமீட்டரில் சர்க்கரையும் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் பிரச்சினை தாழ்சர்க்கரை. நினைவு தெளிவாக இருக்கும்போது சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

எப்போது தாமதிக்காமல் 108

கீழே சொல்பவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அளந்து பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்போடு மயங்கி விழுதல், அதிலும் உட்கார்ந்திருக்கும்போதோ வேலையின் நடுவிலோ விழுதல். வாய் கோணுதல், பேச்சுக் குளறுதல், ஒரு பக்கக் கை கால் விழுதல். ரத்த வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டும் மலம். விழுந்ததில் தலையில் அடி, குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு.

மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்று வலியும் எழுந்தால் மயக்கமும் சேர்ந்து வந்தால், கரு கருக்குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். வெளியே ரத்தப்போக்கு கொஞ்சமாகவே இருக்கும், உள்ளே நிறைய போய்க்கொண்டிருக்கும். இதில் ஒரு மணி நேரம்கூடப் பெரிது.

காய்ச்சல் விட்ட பிறகு வரும் மயக்கத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது, மூன்றாவது நாளிலிருந்து ஏழாவது நாளுக்குள். "காச்சல் விட்டுடுச்சு, பலவீனம்தான்" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும்போது வயிற்று வலி, விடாத வாந்தி, சில்லிட்ட கை கால், எழுந்தால் மயக்கம் என்று வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நேரம் அது.

தோட்டத்துக்கு மருந்து அடித்த அன்று தலை சுற்றி, வியர்த்து, எச்சில் ஊறி, கண்மணி சுருங்கினால் அது பூச்சிமருந்து விஷம். உடுப்பைக் கழற்றி உடம்பை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். டப்பாவைப் பார்த்தால் எந்த மருந்து என்பது டாக்டருக்கு உடனே தெரிந்துவிடும்.

அஞ்செட்டி மலைக் கிராமங்கள், வத்தல்மலை போன்ற இடங்களில் வண்டி வந்து சேர நேரமாகும். 108ஐ அழைத்துவிட்டு, அவர்கள் சொல்கிறபடி கீழே ரோடு வரை நோயாளியைப் படுக்கவைத்தே கொண்டுவருவது நல்லது. பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோனால் பிரஷர் இன்னும் இறங்கும்.

எந்த மாதிரி மயக்கம்?

படுக்கையில் புரண்டாலோ அண்ணாந்து பார்த்தாலோ அறையே சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் அது காதுக்குள் இருக்கும் சமநிலைக் கோளாறு. அதற்கு வேறு வைத்தியம், காது மூக்கு தொண்டை டாக்டர் தலையைத் திருப்பிச் செய்யும் பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகிவிடும். இந்தக் கட்டுரையில் நாம் பேசுவது இன்னொன்று: எழுந்து நின்றால் மட்டும் கண் மங்கி, காது அடைத்து, கால் தளர்ந்து, உட்கார்ந்தால் சரியாகிவிடுவது. சிலருக்குக் கண் இருட்டாமல் பிடரியும் தோளும் வலிக்கும், அதுவும் இதே வகையில் வரலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

நாம் எழுந்ததும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் இருக்கும் உணர்வு நரம்புகள் இதைக் கண்டுபிடித்து, இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. சில நொடியில் முடிந்துவிடும் வேலை. உடம்பில் நீரோ ரத்தமோ குறைந்தால், நரம்பு மந்தமானால், அல்லது ரத்தக் குழாயைச் சுருங்கவிடாமல் மாத்திரை பிடித்து வைத்தால் இது தடுமாறும்.

வீட்டில் அளப்பது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம், மேல் கையில் கட்டும் டிஜிட்டல் கருவியே நல்லது. வீட்டில் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அளப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். காபி, பீடி, சிகரெட் அரை மணி நேரத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். அளக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது கட்டாயம், பின்னால் கட்டிலோ நாற்காலியோ இருக்கட்டும்.

முதலில் 5 நிமிடம் பேசாமல் படுத்திருக்க வேண்டும். படுத்தபடியே அளந்து, மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு மூன்றையும் எழுதுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நின்று 1 நிமிடத்தில் ஒரு தடவை, 3 நிமிடத்தில் ஒரு தடவை அளக்க வேண்டும். நிற்கும்போது கை தொங்கக் கூடாது. தொங்கினால் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், இறங்கியது தெரியாமல் போய்விடும். பக்கத்தில் நிற்பவர் அந்தக் கையை நெஞ்சு உயரத்துக்குத் தாங்கிப் பிடித்துக்கொள்ளட்டும். நடுவில் கண் இருட்டினால் உடனே படுக்கவைத்துவிடுங்கள், எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். அதுவே ஒரு தகவல்தான்.

மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ 3 நிமிடத்துக்குள் இறங்கினால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். படுத்திருக்கும்போதே பிரஷர் அதிகமாக இருப்பவர்களுக்கு மேல் எண்ணில் 30 இறக்கத்தை எல்லையாக வைப்பார்கள். ஒரு உதாரணம்: படுத்தபோது 138/82, நின்றதும் 112/74. 112 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் 26 இறங்கியிருக்கிறது.

நாடித்துடிப்பையும் விட்டுவிடாதீர்கள். பிரஷர் இறங்கும்போது துடிப்பு நன்றாக ஏறினால் உடம்பு சமாளிக்கப் பார்க்கிறது, ஆனால் நீரோ ரத்தமோ போதவில்லை என்று சந்தேகிக்கலாம். பிரஷர் அவ்வளவு இறங்கியும் துடிப்பு அசையவே இல்லையென்றால் நரம்புப் பக்கம் பார்க்க வேண்டும். பல வருடச் சர்க்கரை, நடுக்குவாதம் என்று காரணம் போகும். துடிப்பைக் கட்டுப்படுத்தும் அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொரு வகையும் உண்டு. பிரஷர் இறங்கவே இறங்காது, ஆனால் நின்று 10 நிமிடத்துக்குள் துடிப்பு படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடிவிடும். 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 40 என்று வைத்திருக்கிறார்கள். இளம் பெண்களிடம் இது அதிகம். ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்கள் இப்படிச் சொன்னால் "டென்ஷன்மா, சாப்பிடாம வர்றீங்க" என்று அனுப்பிவிடுவது நியாயமில்லை. சாப்பிடாமல் வருவதும் காரணமாக இருக்கலாம், ஆனால் 10 நிமிடம் நிற்கவைத்துத் துடிப்பை எண்ணிப் பார்த்த பிறகு சொல்லட்டும்.

ஒரு நாள் அளந்தால் போதாது. காலையில் எழுந்ததும் மாத்திரை போடுவதற்கு முன் ஒரு தடவை, மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு தடவை என்று மூன்று நான்கு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். சாப்பிட்ட பிறகு ஏன் என்றால், வயதானவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரத்துக்குள் பிரஷர் இறங்குவது சகஜம். மாவுச்சத்து நிறைந்த பெரிய சாப்பாடு என்றால் இன்னும் கூடுதலாக இறங்கும். இரண்டு உருண்டை களி சாப்பிட்டுவிட்டு வெயிலில் இறங்கும் பெரியவருக்கு மதியம் மூன்று மணிக்குத்தான் மயக்கம் வருகிறது என்றால், எழுதிய நோட்டில் அது பளிச்சென்று தெரிந்துவிடும்.

மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போடுங்கள்

பெயர் சொல்ல வேண்டாம், அட்டையோடு எடுத்துப் போங்கள். காலியான அட்டையும் சேரட்டும். பிரஷர் மாத்திரைகள், நீர் பிரியக் கொடுக்கும் ஃப்ரூசிமைடு போன்றவை, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை, வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின், நரம்பு எரிச்சலுக்கோ தூக்கத்துக்கோ தரும் அமிட்ரிப்டிலின், நடுக்குவாத மாத்திரை, ஆண்மைக்காக மெடிக்கலில் சொல்லி வாங்கும் சில்டெனாஃபில், எல்லாமே நின்றால் பிரஷரை இறக்கக்கூடியவை. கடைசியாகச் சொன்னதை மனைவி முன்னால் சொல்ல முடியாது என்றால் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். இதய வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் மறக்க வேண்டாம். அது வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும். கறுப்பு மலம் பற்றி டாக்டர் கேட்பது இதனால்தான். சத்து மாத்திரை, அதாவது இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும். அதைப் போடுகிறீர்களா என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். லேகியம், நாட்டு மருந்து, சாராயம் எதையும் ஒளிக்க வேண்டாம்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். "மாத்திரையாலதான் மயக்கம்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தில் போய் நிற்பது நடக்கிறது. அளவைக் குறைப்பது, நேரத்தை மாற்றுவது, வேறு மாத்திரைக்குப் போவது என்று டாக்டருக்குப் பல வழி இருக்கிறது.

எங்கே போவது

அவசரமில்லாத மயக்கத்துக்கு முதல் இடம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். நின்ற பிரஷர், ஹீமோகுளோபின், சர்க்கரை, இந்த மூன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறவர்கள், அந்தப் பணியாளர் வரும்போது "அக்கா, படுக்கவெச்சு ஒருவாட்டி, நிக்கவெச்சு ஒருவாட்டி பாருங்க" என்று கேட்கலாம். வீட்டுக்கு வந்து பார்ப்பதில் இருக்கும் பெரிய வசதியே அதுதான், படுக்க இடம் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை கூடுதலாக வேண்டும், இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்றால் பென்னாகரம், அரூர், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை, ஓசூர் அரசு மருத்துவமனைகள். நரம்பு, இதயம் என்று சிறப்பு டாக்டர் தேவைப்பட்டால் 2008இல் தொடங்கிய தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது 2022 ஜனவரியில் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி. இது ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. ஓசூர்க்காரர்கள் நேராகப் பெங்களூருக்கே போய்விடுவது வழக்கம். போகலாம், ஆனால் இங்கே ஒரு ஹீமோகுளோபின் பார்த்தால் தெரிந்துவிடுவதற்கு அங்கே ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட வேண்டியதில்லை. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104க்கு அழைத்துக் கேட்கலாம்.

டாக்டர் முன்னால் என்ன சொல்வது

"தலை சுத்துது சார்" என்று மட்டும் சொன்னால் மாத்திரைச் சீட்டோடு இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எங்க அம்மாவுக்கு 64 வயசுங்க. சக்கரை ரொம்ப வருஷமா இருக்கு. உக்காந்து எழுந்தா மட்டும் கண்ணு இருட்டுது, படுத்தா சரியாயிடுது. காலையில அதிகம். போன வாரம் ஒருவாட்டி விழுந்துட்டாங்க. படுத்து நின்னு பிரஷர் பாத்து எழுதியிருக்கோம், மாத்திரையெல்லாம் இந்தப் பையில இருக்குங்க." இதற்கு அரை நிமிடம்தான் ஆகும், டாக்டருக்கு வேண்டியது அனேகமாக எல்லாம் வந்துவிட்டது. நோட்டு இல்லையென்றால், "நிக்கவெச்சு ஒருவாட்டி பிரஷர் பாக்க முடியுங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மாதவிலக்கில் அதிகமாகப் போவது, மூலத்தில் ரத்தம் போவது இரண்டையும் கூச்சத்தில் சொல்லாமல் விடுபவர்கள் அதிகம். ரத்தசோகைக்கு அவையும் பெரிய காரணங்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13க்குக் கீழே போனால் ரத்தசோகை. செருப்பில்லாமல் கொல்லையில் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும், பூச்சி மாத்திரை தேவைப்படலாம். சத்து மாத்திரை எடுத்தால் டீ, காபியோடு சேர்த்துப் போடாதீர்கள், உடம்பில் ஒட்டாது.

டாக்டர் வழக்கமாகப் பார்ப்பது இ.சி.ஜி., ரத்த அணுக்கள், சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின், உப்புச் சத்துகள். நின்றால் மட்டும் வரும் மயக்கத்துக்கு மூளை ஸ்கேனில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. அதைவிட நம் ஊரில் பிரபலமானது கழுத்து எக்ஸ்ரே. நாற்பது வயது தாண்டினால் பலருக்கு எலும்புத் தேய்மானம் கொஞ்சம் தெரியும், அதைக் காட்டிக் கழுத்துப் பட்டை மாட்டிவிடுவார்கள். நின்ற பிரஷர் பார்க்காமல் கழுத்துப் பட்டை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது பற்றி

"ஒரு பாட்டில் ஏத்திடுங்க சார், தெம்பாயிடும்" என்று கேட்டு வாங்குவது இங்கே பெரிய பழக்கம். வாந்தி நிற்கவில்லை, வாயால் குடிக்க முடியவில்லை, வயிற்றுப்போக்கில் துவண்டுவிட்டார் என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும். குடிக்க முடிகிறவருக்கு ஓ.ஆர்.எஸ். போதும். பெரிய பாக்கெட் ஒன்றை 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண்ணளவில் கரைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் 1 லிட்டர் நீருக்கு மட்டமாக எடுத்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும். ரத்தசோகைக்கும் மாத்திரையால் வரும் இறக்கத்துக்கும் குளுக்கோஸ் பாட்டில் ஒன்றும் செய்யாது.

அன்றாடம் மாற்ற வேண்டியவை

காலையில் எழும்போது படுக்கையிலேயே கால் பாதத்தை முன்னும் பின்னும் அசைத்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்து நில்லுங்கள். கொல்லையில் குத்துக்காலிட்டவர் ஒரேயடியாக எழாமல் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி எழலாம். நிற்கும்போது கண் மங்க ஆரம்பித்தால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் புட்டத்தையும் இறுக்குங்கள், உட்கார இடம் தேடும் அளவுக்கு நேரம் கிடைக்கும். நரம்புக் கோளாறால் பிரஷர் இறங்குபவர்கள் காலையில் எழுவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீரை மளமளவென்று குடித்தால் சில நிமிடத்திலேயே பிரஷர் கொஞ்சம் ஏறும். தலைமாட்டுக் கட்டில் காலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவதும் அவர்களுக்கு உதவும்.

கம்மங்கூழ், உப்புப் போட்ட நீர்மோர் எல்லாம் வெயில் காலத்துக்கு நல்லதுதான். ஆனால் இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பையும் நீரையும் கூட்டக் கூடாது. மதியச் சாப்பாட்டைச் சிறிது சிறிதாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பதும், குடியும் ரத்தக் குழாயை விரித்துவிடும்.

பெரியவர்கள் இரவில் ஒன்றுக்குப் போக எழும்போதுதான் அதிகம் விழுகிறார்கள். வெளிக் கழிவறை உள்ள வீடுகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்துவிடுங்கள். ஆண்களும் உட்கார்ந்தே கழிக்கட்டும்.

இவ்வளவும் செய்து போதவில்லையென்றால் வயிற்றுப் பட்டை, தொடை வரை ஏறும் இறுக்கமான காலுறை, அதற்கு மேல் ஃப்ளூட்ரோகார்டிசோன், மிடோட்ரின் போன்ற மாத்திரைகள் என்று டாக்டர் போவார். மிடோட்ரின் எடுத்துவிட்டு நான்கு மணி நேரத்துக்குள் படுக்கக் கூடாது, படுத்தால் பிரஷர் எகிறிவிடும்.

மாத்திரை எதையாவது மாற்றிக் கொடுத்தால் ஒரு வாரம் மறுபடியும் படுத்து, நின்று அளந்து அதே நோட்டில் எழுதி அடுத்த தடவை கொண்டுபோங்கள். அந்த எண்கள் சரியாகும் வரை பைக் ஓட்டுவதும், மாங்காய் பறிக்க மரம் ஏறுவதும், கிணற்றில் இறங்குவதும் வேண்டாம்.